டாக்டர் சாமுவேல் கிறீன்

36 கிராம் நீரில் ஹைட்ரஜன் எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு என்று வினவினால் நம்மிற் பலர் மயங்குவோம். நிறையில் ஹைட்ரஜன் 2 பங்கும் ஆக்ஸிஜன் 16 பங்கும் கூடி 18 பங்கு நீராம் என்று தமிழிற் சொல்லிவிடின், பழவேற்காட்டேரி மீனைப் பங்கிட்டுப் பழகிய திருப்பாலைவனத்துச் சிறுவனும் 4, 32 என விடை கூறுவான். இரசாயனத்தைத் தமிழிற் சொல்லும் இவ்வழியைத் திறந்தோருள் ஒருவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அவர் அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் 1822-இற் பிறந்தார். மருத்துவங் கற்று 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்து, 1848 முதல் மாணாக்கரைப் பயிற்றினார். முதலிற் கற்பித்தது ஆங்கிலத்தில். கற்றவர் பலர் அரசாங்க உத்தியோகம் நாடிப் போயினர். கிராமங்கள் வைத்தியரின்றி நின்றன. ஆதலின் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். ஆங்கிலமின்றேற் பிழைப்பேது என்று மாணாக்கர் வருந்தினர். அவ்வருத்தம் பொய்யன்று, இன்றும் நம்மிடையே உண்டு. எனினும் கிறீன் தளர்ந்தாரல்லர்.

நூலில்லாக் குறையையும் தாமே நீக்கப் புகுந்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம் முதலிய மருத்துவ நூல்களோடு, அவற்றுக்கு அடிப்படையான இரசாயனமும் 'கெமிஸ்தம்' என்னும் பெயரால் 1875-இல் வெளிவந்தது. தமிழ்ச் சொல் கிடைத்தவிடத்து அதனை ஆண்டார். கிடையாதவிடத்துப் பிறமொழிச் சொல்லையே தமிழோசைக்கு இணக்கினார். அப்பெயர் செவிக்கு இன்னாதென்பர் நம் வகுப்புத் தோழர் சிலர். சொல்லுக்காகக் காத்திருந்தாற் கணக்குத் தொடங்குவது எப்போது?

1873-இல் தாயகம் திரும்பிய பின்னும் தமிழ் நூற்பணியை விட்டிலர். 1884-இற் காலமானார். தமிழர்க்கு மருத்துவராயிருந்தமையைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு வேண்டியிருந்தார், அவ்வாறே பொறித்தனர்.