மறுபடியும் மாணவரான ஆசிரியர்

பிள்ளைகளே, முதலில் இந்த இரண்டு சொற்களையும் சத்தமாக வாசியுங்கள்.

எரி. ஏரி.

எரி என்றால் நெருப்பு. ஏரி என்றால் பெரிய குளம். ஒன்று சுடும், மற்றது குளிரும். இப்போது இவற்றை வாசியுங்கள்: பல். பல. பல் வாயில் இருக்கிறது. பல என்றால் நிறைய. ஒரு சின்னப் புள்ளிதான் வித்தியாசம்.

பழைய காலத்தில் தமிழை ஓலையில் எழுதினார்கள். பனை ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணி என்ற கூரான இரும்பால் கீறி எழுதுவார்கள். இப்படி எழுதிய ஓலைகளைத் துளை போட்டு, கயிற்றில் கோத்துக் கட்டி வைத்தால் அதுதான் ஏட்டுச்சுவடி. சுருக்கமாகச் சுவடி. அந்த ஓலைகளில் எரியும் ஏரியும் ஒரே மாதிரித்தான் இருக்கும். பல்லும் பலவும் ஒரே மாதிரித்தான் இருக்கும். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்க மாட்டார்கள். கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. ஒரு பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றும் லேசில் தெரியாது.

இப்படிப்பட்ட ஓலைகளை அறுபது வருடத்துக்கு மேல் வாசித்துக்கொண்டே இருந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பாடம். அவர் பெயர் உ. வே. சாமிநாதையர். உ.வே.சா. என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். தமிழ்த் தாத்தா என்றும் சொல்வார்கள். ஆனால் எங்கள் கதை நடக்கும்போது அவர் தாத்தா இல்லை. இருபத்தைந்து வயது வாலிபர்.

அவர் 1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் தேதி பிறந்தார். ஊர் உத்தமதானபுரம். தமிழ்நாட்டில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா வேங்கடசுப்பையர் பாட்டுப் பாடி இராமாயணக் கதை சொல்லுகிறவர். வீட்டில் காசு குறைவு. மகன் சங்கீதம் படிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. மகனுக்கோ தமிழ்தான் வேண்டும். ஒரு ஊரில் நல்ல தமிழ் ஆசிரியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால், அந்தக் குடும்பம் சாமானைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய்விடும். அந்த ஆசிரியருக்குத் தெரிந்ததெல்லாம் படித்து முடிந்ததும் அடுத்த ஊர். கடைசியில் பதினேழு வயதில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அவரைவிடப் பெரிய தமிழ்ப் புலவர் இல்லை என்று சொல்வார்கள். 1876இல் பிள்ளை இறக்கும்வரை சாமிநாதையர் அவரோடு இருந்து படித்தார்.

பிறகு 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தது. மாதம் ஐம்பது ரூபாய் சம்பளம். பாட்டை இசையோடு சொல்லிப் பாடம் நடத்துவார். மாணவர்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது. பெரிய குருவிடம் படித்தவர், நல்ல வேலை, நல்ல பெயர். இனி என்ன படிப்பதற்கு இருக்கிறது என்று யாரும் நினைத்திருக்கலாம்.

1880 ஒக்டோபர் 21. கும்பகோணத்துக்குப் புதிதாக ஒரு நீதிபதி வந்திருந்தார். பெயர் சேலம் இராமசாமி முதலியார். தமிழில் ஆசை உள்ளவர். சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். நீங்கள் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் நீளமாக ஒரு பட்டியல் சொன்னார். அந்தாதி இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, கோவை இத்தனை. முதலியாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரி இருந்தார். பிறகு வேறு பெயர்களைக் கேட்டார். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? மணிமேகலை? சிலப்பதிகாரம்?

சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை. புத்தகத்தைக் கண்ணால் பார்த்தது கூட இல்லை. அவருடைய குருவும் படித்ததில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு ஆசிரியர், தன்னுடைய பாடத்திலேயே, தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி இன்னொருவர் கேட்கிறார். அவருக்கு மனம் நொந்தது உண்மைதான். நொந்த மனதோடு வீட்டுக்குப் போய், அந்தப் பழைய புத்தகம் யாருக்கு வேண்டும் என்று இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. மறுபடியும் முதலியார் வீட்டுக்குப் போனார். சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்தார். வாசிக்கத் தொடங்கினார்.

விளங்கவில்லை!

சிந்தாமணியை எழுதியவர் திருத்தக்கதேவர், ஒரு சமண முனிவர். சீவகன் என்ற அரசகுமாரனின் கதை. தொடக்கமே நல்ல விறுவிறுப்பு. எதிரி அரண்மனையைப் பிடிக்கிறான். ராணி விசயை, மயில் மாதிரிச் செய்த ஒரு பறக்கும் பொறியில் ஏறித் தப்பிப் போகிறாள். சுடுகாட்டில் போய் இறங்குகிறாள். அங்கேதான் சீவகன் பிறக்கிறான். இதை ஆயிரம் வருடத்துக்கு முன்பு எழுதினார்கள், விமானம் எல்லாம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு!

கதை நல்ல கதைதான். ஆனால் அதில் வருகிற சமண சமயச் சொற்கள் சாமிநாதையருக்குத் தெரியாது. அவர் சைவ மடத்தில் படித்தவர். நச்சினார்க்கினியர் என்ற பழைய புலவர் எழுதிய உரையும் பாட்டோடு கலந்து கிடந்தது. அந்த உரையில் வேறு பழைய பாட்டுகளின் வரிகள் வரும். எந்த நூலில் இருந்து எடுத்தது என்று பெயர் இருக்காது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் சிந்தாமணியை வீட்டில் பக்தியோடு படிக்கிறவர்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். கல்லூரியில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், இங்கே மாணவர் மாதிரி இருந்து கேள்வி கேட்டார். ஒரு சந்தேகம் தீர்ந்தால் எழுதி வைப்பார். அடுத்த சந்தேகத்தோடு திரும்பவும் போவார்.

உரையில் வருகிற வரிகளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொன்றையும் குறித்து வைத்துக்கொண்டார். பிறகு திருவாவடுதுறை மடத்தில் இருந்த பழைய சுவடிகளை எடுத்து வாசித்தார். வாசிக்கும்போது, அட, இது நான் குறித்து வைத்த வரி ஆயிற்றே என்று தெரியும். அப்படித்தான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் கைக்கு வந்தன. இரண்டாயிரம் வருடத்துப் பழைய பாட்டுகள்.

இதெல்லாம் எப்போது? பகலில் கல்லூரி. வேலை முடிந்த பிறகு, இரவில், லீவு நாளில் சுவடி. ஒரே பாட்டு ஒரு சுவடியில் ஒரு மாதிரி இருக்கும், இன்னொரு சுவடியில் வேறு மாதிரி இருக்கும். எது சரி? எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட வேண்டும். நான் கணினியில் வேலை செய்கிறேன். இரண்டு கோப்புகளைக் கொடுத்தால், எந்த வரி வேறு என்று கணினி ஒரு செக்கனில் நிறம் போட்டுக் காட்டிவிடும். சாமிநாதையரிடம் இருந்தது இரண்டு கண்ணும் ஒரு விளக்கும். சிந்தாமணிக்கு மட்டும் இருபதுக்கு மேற்பட்ட பிரதிகளைத் தேடி எடுத்தார்.

சிந்தாமணியில் 3145 பாட்டுகள். அது அச்சுப் புத்தகமாக வந்தது 1887இல். அதாவது ஏழு வருடம். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3145ஐ ஏழு வருடத்து நாட்களால் பிரித்தால், ஒரு நாளைக்கு ஒன்றேகால் பாட்டு வருகிறது. கணக்குப்படி ஒவ்வொரு நாளும் அப்படியே நடந்திருக்காது. ஒரு சொல்லுக்கே மாதக்கணக்கில் காத்திருந்த நாட்களும் இருந்தன. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றேகால் பாட்டு!

புத்தகம் வந்ததும் பாராட்டு வந்தது. கூடவே திட்டும் வந்தது. அதில் பிழை, இதில் பிழை என்று சிலர் அச்சடித்தே வெளியிட்டார்கள். சாமிநாதையருக்குக் கோபம் வந்தது. பதில் எழுதினார். அதைக் கல்லூரியில் கூட வேலை செய்த நண்பர் சாது சேஷையரிடம் காட்டினார். நண்பர் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். சண்டை பிடிக்கிற நேரத்தில் அடுத்த புத்தகத்தைப் பாருங்கள் என்றார். சாமிநாதையர் அதைக் கேட்டு நடந்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு வெளிவந்தன. சிந்தாமணியையும் அப்படியே விட்டுவிடவில்லை. மேலும் சுவடிகளைப் பார்த்துத் திருத்தி, 1907இல் இரண்டாம் முறை வெளியிட்டார்.

அந்தக் காலத்தில் அவர் மட்டும் தனியாக இந்த வேலை செய்யவில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் சுவடிகளைத் தேடி அச்சிட்டார். சிறுப்பிட்டி உங்களில் சிலருடைய அம்மம்மாவின் ஊராகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஏன் இவர்களுக்கு இத்தனை அவசரம்? ஓலை நீண்ட காலம் இருக்காது. செல் அரிக்கும், உடையும். முன்பெல்லாம் பழைய ஓலையைப் பார்த்துப் புது ஓலையில் எழுதி வைப்பார்கள். அந்த வழக்கம் குறைந்துகொண்டு வந்தது. கரிவலம்வந்தநல்லூர் என்ற ஊருக்குச் சாமிநாதையர் சுவடி தேடிப் போனார். கோயிலில் நிறையச் சுவடிகள் இருந்தன என்று கேள்விப்பட்டிருந்தார். போய்க் கேட்டால், பழைய உடைந்த ஓலைகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டோம் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பழைய ஓலையை மரியாதையாக முடித்து வைக்க அதுதான் வழி என்று நம்பினார்கள். அந்தத் தீயில் எந்தெந்தப் பாட்டுகள் போயின என்று இனி யாருக்கும் தெரியாது.

மணிமேகலைக்கு வந்தபோது மறுபடியும் அதே கதை. அது பௌத்த சமயக் காப்பியம். சாமிநாதையருக்குப் பௌத்தம் தெரியாது. அவருக்கு அப்போது வயது நாற்பதுக்கு மேல், பெயரும் புகழும் வந்துவிட்டது. ஆனாலும் ரங்காசாரியார் என்ற பேராசிரியரிடம் கேட்டுக் கேட்டுப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்த பௌத்த நூல்களை ரங்காசாரியார் படித்து விளக்க, இவர் தமிழில் குறித்துக்கொண்டார். 1898இல் மணிமேகலை வெளிவந்தது.

இந்தக் கதையில் பாரிசும் வருகிறது. சிந்தாமணி அச்சாகி வந்த பிறகு, பாரிசில் இருந்து சாமிநாதையருக்குக் கடிதம் வந்தது. தமிழில் எழுதிய கடிதம்! எழுதியவர் தமிழர் இல்லை. ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுக்காரர். சின்ன வயதில் இந்தியாவில் வளர்ந்து தமிழ் படித்தவர். பாரிசில் கீழைத்தேய மொழிகளுக்கான பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பள்ளியைத்தான் இப்போது இனால்கோ என்கிறோம். இன்றைக்கும் அங்கே தமிழ் படிக்கலாம். பாரிஸ் தேசிய நூலகத்தில் தமிழ்ச் சுவடிகள் இருப்பதையும் அவர் சாமிநாதையருக்கு எழுதினார். 1900இல் சீவகன், மணிமேகலை கதைகளைப் பிரெஞ்சில் ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார். கடிதங்கள் கப்பலில் போய் வந்த காலம் அது. திரான்சியில் ரயில் ஏறி லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிற எங்களுக்கு, அந்தப் பயணம் எவ்வளவு நீளம் என்று நினைத்துப் பார்ப்பதே கஷ்டம்.

சாமிநாதையர் பிறகு சென்னைக்கு வந்து அங்கே கல்லூரியில் படிப்பித்தார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. வேலையில் இருந்து ஓய்வு பெற்றும் சுவடியில் இருந்து ஓய்வு பெறவில்லை. குறுந்தொகையை விளக்கத்தோடு வெளியிட்டது 1937இல். அப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது.

1940இல் ஆனந்த விகடன் இதழில் தன்னுடைய வாழ்க்கைக் கதையை எழுதத் தொடங்கினார். பெயர் என் சரித்திரம். வாரம் ஒரு பகுதியாக வந்தது. இராமசாமி முதலியாரைப் பார்த்த நாளையும், தனக்குத் தெரியாமல் போன புத்தகங்களையும் அதில் ஒளிக்காமல் எழுதினார். 1942 ஏப்ரல் 28ஆம் தேதி அவர் இறந்தார். என் சரித்திரம் பாதியில் நிற்கிறது. மணிமேகலை வெளிவந்த காலத்துக்குக் கொஞ்சம் பிறகு வரைக்கும்தான் எழுதியிருந்தார்.