நடுவர் விஜயசாரதி

ஆடி வென்றவரை உலகம் போற்றுகிறது. ஆட்டம் முறையாக நடைபெறக் காவல் நின்ற நடுவரை எளிதில் மறந்துவிடுகிறது. நாம் குடியேறி வாழும் இப்பெங்களூர் ஈன்றெடுத்த அத்தகைய நடுவர் ஒருவரின் வரலாற்றை, நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர் வாயிலாக அன்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

எம். ஜி. விஜயசாரதி 1906ஆம் ஆண்டில் இந்நகரில் பிறந்தார். தொடக்கத்தில் அவர் மைசூர் அணியின் கிரிக்கெட் ஆட்டக்காரர். ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தயம் 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தபோது அவரும் மைசூர் தரப்பில் ஆடினார். சென்னையின் ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். மைசூர் 48, 59 என இருமுறையும் சுருண்டது. 130 ஓட்டங்கள் எடுத்த சென்னை ஒரே நாளில் வெற்றி கண்டது. தோல்வியின் கசப்பை அறிந்த அவரே பின்னாளில் தீர்ப்புக் கூறும் பொறுப்பை ஏற்றார்.

1951 முதல் 1960 வரை 13 டெஸ்ட் பந்தயங்களில் அவர் நடுவராக விளங்கினார். அக்காலத்தில் எந்நாட்டில் பந்தயமோ அந்நாட்டவரே நடுவர். ஐயத்தைத் தீர்க்க இன்றுபோல் தொலைக்காட்சிப் படமும் இல்லை. மூன்றாம் நடுவர் என்னும் ஏற்பாடே 1992இல்தான் வந்தது. கண்ணும் காதும் மனச்சாட்சியுமே அன்று துணை. பல்லாயிரம் மக்கள் ஆரவாரிக்க, தம் நாட்டு வீரர் ஆட்டமிழந்தார் என்று விரல் உயர்த்துவது எளிய செயலன்று. உயர்த்திய பின் அதற்கு மேல்முறையீடும் கிடையாது.

1960-61ஆம் ஆண்டு ரஞ்சிப் பந்தயத்தில் ஓர் அரிய நிகழ்ச்சி நேர்ந்தது. பெங்களூரில் மைசூரும் ஆந்திரமும் மோதின. ஒருபுறம் விஜயசாரதி, மறுபுறம் நடுவராக நின்றவர் அவர் மைந்தர் எம். வி. நாகேந்திரா! ஆடியதோ தந்தையார் முன்பு ஆடிய அதே மைசூர் அணி. பாசத்துக்கும் ஊர்ப்பற்றுக்கும் அங்கு இடமில்லை. மைந்தரும் தந்தையின் வழிநின்று, 1964 முதல் 1977 வரை 11 டெஸ்ட் பந்தயங்களில் நடுவராகப் பணியாற்றினார். தந்தையார் 1979இல் மறைந்தார்.

வெற்றித் தேரின் சாரதி என்பது அவர் பெயரின் பொருள். அவர் ஏற்ற பணியிலோ வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. நேர்மை ஒன்றே உண்டு. வள்ளுவப் பெருந்தகையும் நடுவு நிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார் அல்லவா?

நமக்குப் பிறந்த மண் ஒன்று, வாழ்வளித்த மண் ஒன்று. இரு மாநில அணிகளும் மோதும் நாளில் நம் காலனி வீடுகளில் தந்தை ஒரு கட்சி, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை மறு கட்சி. ஆட்டத்தில் அது இன்பமே. ஆனால் அண்டை வீட்டாரோடு வழக்கென்று வரும் வேளையில், நம்மவர், பிறர் என்று பாராது உள்ளதை உள்ளபடி சொல்லும் உறுதி நமக்கு வேண்டும். அவ்வுறுதியை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க, இந்நகரத்து நடுவரின் வாழ்வைவிட அண்மையான எடுத்துக்காட்டு வேறு வேண்டுவதில்லை.