தலைமன்னாரில் இறங்கிய பிரசங்கியார்

1705-ம் ஆண்டு ஆகஸ்ட் 30-ம் திகதி தலைமன்னார்க் கரையில் ஒரு குருவானவர் வந்திறங்கினார். வயது இருபத்தொன்பது. கோவாவின் திவார் தீவிலே பிறந்து, மெய்யியலும் இறையியலும் துறைபோகக் கற்றவர். ஊரில் இருந்திருந்தால் பேராசிரியராய் வாழ்ந்திருப்பார். யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற அவர் பெயர் நம்மவர் வாயில் சாங்கோபாங்க சுவாமி என்றாயிற்று.

மன்னார் அப்போது ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1658 தொடக்கம் கத்தோலிக்கக் குருக்கள் நடமாடுவதே குற்றம். இரவில் வந்து பூசை வைத்து, விடியுமுன் அடுத்த ஊருக்கு மறையவேண்டிய காலம். கண்டியில் இருந்த அர்ச். யோசேவ் வாஸ் முனிவர் இளங்குருவானவரின் மொழித்திறனைக் கண்டு, தமிழோடு சிங்களத்தையும் ஆழமாகக் கற்கும்படி பணித்தார். இரு மொழியிலும் அவர் எழுதியவை ஏராளம். தமிழிலே தேவ அருள் வேத புராணம் அவற்றுள் ஒன்று.

ஆனால் அவரை மன்னார்க் கரையிலே நிலைக்கச் செய்தது வியாகுலப் பிரசங்கம்தான். குரு வரமுடியாத ஊரில், தவக்காலத்தில் கூடியிருக்கும் சனங்களுக்கு யார் பேசுவது? ஊரின் மூப்பரும் அண்ணாவியாரும் செபம் சொல்லுவார்கள். பிரசங்கம் செய்யப் படித்தவர்களல்லர். ஆகையால் தாம் நிற்கவேண்டிய இடத்தில் தம் எழுத்தை நிற்க வைத்தார் சுவாமி. யேசுநாதரின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்தார். வெறுமனே வாசிக்கும் வசனமல்ல அது, இராகத்தோடு இழுத்துப் படிப்பது. செத்த வீட்டு ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஓசை அந்நியமாகுமா?

கற்றவர் மேடையேறினால் கல்வியைக் காட்ட ஆசை வரும். சுவாமியின் நடையிலும் வடசொல் நிறைய உண்டு. சிலவற்றுக்கு இன்று அகராதி வேண்டும். ஆயினும் வாதம் செய்து நிரூபிப்பதை அங்கே அவர் தேடவில்லை. தாயின் துயரத்தைக் கண்முன் நிறுத்துகிறார். கேட்பவனை அந்த இடத்திலேயே நிற்க வைக்கிறார். சொல் விளங்காத கிழவியும் அழுதாள் என்றால் காரணம் இதுதான். ஒலிபெருக்கியும் கையில் குறிப்புத்தாளும் இருந்தும் பத்து நிமிடத்தில் சபையைக் கொட்டாவி விடச் செய்கிற நாம் இதைச் சற்று யோசிக்கலாம்.

காதுக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் விருந்து வைத்தது அந்த மரபு. பேசாலையில் பெயர்பெற்ற உடக்குப் பாஸிலே நடிப்பவை மனிதரல்ல, உருவங்கள். பாடுகளின் காட்சிகள் ஒவ்வொன்றாய்த் திறக்கும். சனம் முழந்தாளிலிருந்து பார்க்கும்.

சுவாமி 1742 ஜூலை 17-ம் திகதி போலவத்தையில் காலமானார். இலங்கை வந்து முப்பத்தேழு ஆண்டுகள், கோவாவுக்குத் திரும்பவேயில்லை. ஒல்லாந்தர் போய், ஆங்கிலேயரும் போய்விட்டார்கள். அவர் எழுதிய பிரசங்கத்தைத் தவக்காலத்தில் படிக்கும் வழக்கம் இக்கரையிலே அவர்கள் எல்லாருக்கும் பின்னும் இருந்தது.