நூடுல்ஸ் தாத்தா

வெந்நீர் ஊற்றினாலே தயாராகும் நூடுல்ஸைக் கண்டுபிடித்தவர் மொமொஃபுகு ஆண்டோ. அவரைப் பற்றி நான் படித்ததை எழுதுகிறேன்.

1910-ல் தைவானில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இறந்துட்டாங்க. துணிக்கடை வைத்திருந்த தாத்தா, பாட்டிதான் வளர்த்தார்கள். அவரும் துணி வியாபாரம் செய்தார். பிறகு ஜப்பானில் ஒசாகா நகரத்துக்குப் போனார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே சாப்பாட்டுக்கே பஞ்சம். ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்காக ஜனங்கள் குளிரில் வரிசையில் நின்றதைப் பார்த்தார். அது அவர் மனசிலேயே நின்றுவிட்டது.

1957-ல் அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் திவாலானது. வீட்டைத் தவிர எல்லாம் போயிடுச்சு. அப்போது வயது 47. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, ஒரு வருஷம் மாவும் கையுமாக இருந்தார். எத்தனையோ தடவை கெட்டுப்போனது. ஒருநாள் அவர் மனைவி காய்கறியை மாவில் தோய்த்துப் பொரித்தார், நம்ம பஜ்ஜி மாதிரி. உடனே வழி தெரிந்துவிட்டது! வெந்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் ஈரம் ஆவியாகி, சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். அப்புறம் வெந்நீர் ஊற்றினால் ஓட்டை வழியே உள்ளே போய் மெத்தென்று ஆகிவிடும்.

1958 ஆகஸ்ட் 25-ல் அது கடைக்கு வந்தது. விலை 35 யென். 1971-ல் கப் நூடுல்ஸ் செய்தார். 2005-ல் அவர் நூடுல்ஸ் விண்வெளிக்கே போனது! 2007-ல், 96 வயதில் காலமானார்.

நாற்பது தாண்டிட்டா இனிமே என்னத்த செய்யறதுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. அவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.