மக்கள் மொழியில் எழுதிய கலிலியோ

கலிலியோ இத்தாலி நாட்டு விஞ்ஞானி. 1564-ம் ஆண்டு பைசா நகரில் பிறந்தார். தகப்பனார் இசைக் கலைஞர். மகனை டாக்டர் ஆக்க அவர் ஆசைப்பட்டார். மகனோ கணக்கின் பக்கம் போய்விட்டார்!

ஹாலந்து நாட்டில் டெலஸ்கோப் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1609-ல் தாமே ஒன்று செய்தார். அதை வானத்துக்குத் திருப்பினார். சந்திரனில் மலைகள் தெரிந்தன. வியாழனை 4 சந்திரன்கள் சுற்றுவதைக் கண்டார்.

இதை 1610-ல் சிறு புத்தகமாக வெளியிட்டார். 550 பிரதிகள் அச்சாயின. எழுதிய மொழி, லத்தீன். ஐரோப்பா முழுவதும் பண்டிதர்களுக்குத் தெரிந்த மொழி அது. அதனால் அவர் புகழ் பல நாடுகளுக்கும் பரவியது. ஆனால் அவருடைய சொந்த நாட்டுக் கடைக்காரருக்கும், கப்பல் தச்சருக்கும் அந்தப் புத்தகம் புரியாது.

ஊர்ப் பேச்சு

1612-லும் 1613-லும் அவர் வெளியிட்ட புத்தகங்கள் இத்தாலிய மொழியில் வந்தன. லத்தீன் படிக்காதவனுக்கும் இயற்கை கண்ணைக் கொடுத்திருக்கிறது, மூளையையும் கொடுத்திருக்கிறது என்பது அவர் எண்ணம்.

இதில் ஒரு வேடிக்கை. சூரியனில் உள்ள கரும்புள்ளிகளைப் பற்றி அவரோடு வாதாடியவர், ஷைனர் என்ற ஜெர்மன் பாதிரியார். அவருக்கு இத்தாலிய மொழி தெரியாது! கலிலியோவின் பதிலை யாராவது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

1632-ல் பெரிய புத்தகம் வந்தது. சூரியனைப் பூமி சுற்றுகிறதா, பூமியைச் சூரியன் சுற்றுகிறதா என்று 3 பேர் வாதாடுவதுபோல எழுதியிருந்தார்.

பூமி சுழன்றால் நமக்கு ஏன் தெரியவில்லை?

அதற்கு ஒரு கப்பலைக் காட்டினார். கப்பலின் உள்ளறையில் ஒரு பாத்திரத்தில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. நேர் கீழே, குறுகிய வாய் உள்ள ஜாடி. கப்பல் நின்றாலும் சரி, ஆடாமல் ஒரே வேகத்தில் ஓடினாலும் சரி, சொட்டு அந்த ஜாடியில்தான் விழும். உள்ளே இருப்பவனுக்குக் கப்பல் ஓடுவதே தெரியாது. பூமியில் இருக்கும் நமக்கும் அப்படித்தான்.

விசாரணை

இந்தக் கருத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை 1616-லேயே கண்டித்திருந்தது. புத்தக விற்பனை நிறுத்தப்பட்டது. 1633-ல் ரோம் நகரில் விசாரணை நடந்தது. புத்தகத்தை ஆராய்ந்த பாதிரியார் ஒருவர், இத்தாலிய மொழியில் எழுதியதையும் ஒரு குற்றமாகச் சொன்னார். பாமர மக்களை மயக்கவே அப்படி எழுதினாராம்!

அப்போது கலிலியோவுக்கு வயது 69. மண்டியிட்டு, தன் கருத்தைக் கைவிடுவதாகச் சொன்னார். சாகும்வரை வீட்டுக் காவல்.

தடை செய்த புத்தகம் 1635-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வெளிவந்தது. வெளிநாட்டார் படிக்க, இந்தத் தடவை லத்தீனில்!

கலிலியோவின் கடைசிப் புத்தகம் 1638-ல் ஹாலந்தில் அச்சானது. அதில் உரையாடல் இத்தாலிய மொழியில் இருக்கிறது. கணிதத் தேற்றங்கள் லத்தீனில் இருக்கின்றன. அது அச்சாகி வந்தபோது அவருக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை.

1642-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி கலிலியோ இறந்தார். 1835-ல் வெளியான தடைப் பட்டியலில்தான் அவருடைய புத்தகத்தின் பெயர் இல்லை.