லெனார்ட் வூட்

லெனார்ட் வூட் (அக்டோபர் 9, 1860 - ஆகஸ்ட் 7, 1927) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவரும் படைத்துறைத் தளபதியும் ஆவார். கியூபாவின் படைத்துறை ஆளுநராகவும் பிலிப்பைன்சின் தலைமை ஆளுநராகவும் பணியாற்றினார். மூளைக் கட்டி அகற்றப்பட்டபின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து, அக்கட்டி மீண்டும் வளர்ந்ததால் மறைந்தவர் என்ற வகையில் மருத்துவ வரலாற்றிலும் இவர் குறிப்பிடப்படுகிறார்.

வாழ்க்கை

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்செஸ்டரில் பிறந்த வூட், 1884 இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1898 இல் எசுப்பானிய-அமெரிக்கப் போரில் தன்னார்வக் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கினார். தியோடோர் ரூஸ்வெல்ட் அப்படையில் இவருக்கு அடுத்த நிலையில் இருந்தார். 1899 முதல் 1902 வரை கியூபாவை ஆண்டபோது, வால்டர் ரீடின் மஞ்சள் காய்ச்சல் ஆய்வுக்கு ஆதரவளித்தார். 1906 இல் பிலிப்பைன்சின் பூட் டாஹோ மலையில் இவரது படையினர் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான மோரோ மக்களைக் கொன்றது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 1920 இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்று தோல்வியுற்றார்.

நோயும் சிகிச்சையும்

கியூபாவில் இருந்தபோது சரவிளக்கில் மோதி வூட்டின் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் மண்டையோட்டில் வீக்கமும் இடது காலில் வலிப்பும் தோன்றின. காயமே கட்டிக்குக் காரணம் என்பது உறுதிப்படுத்தப்படவில்லை. 1905 இல் பாஸ்டனில் நடந்த அறுவைச் சிகிச்சையில் கட்டி முழுமையாக அகற்றப்படவில்லை.

மூளையைப் படமெடுக்கும் கருவிகள் இல்லாத அக்காலத்தில், உடலில் தோன்றும் அறிகுறிகளைக் கொண்டே கட்டியின் இடம் கணிக்கப்பட்டது. 1910 இல் பால்டிமோரில் ஹார்வி குஷிங் மூளையுறையில் வளர்ந்திருந்த அக்கட்டியை அகற்றினார். வூட் நலமடைந்து, அதே ஆண்டில் தரைப்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இவ்வெற்றி குஷிங்கின் புகழை உயர்த்தியது. இவ்வகைக் கட்டிக்கு 'மெனிஞ்சியோமா' என்னும் பெயரை 1922 இல் சூட்டியவரும் குஷிங்கே.

மறைவு

1921 முதல் பிலிப்பைன்சில் பணியாற்றிய வூட்டுக்கு மீண்டும் இடப்பக்கத் தளர்ச்சியும் பார்வைக் குறைவும் ஏற்பட்டன. 1927 இல் பாஸ்டனில் குஷிங் மறுபடியும் அறுவைச் சிகிச்சை செய்து கட்டியை அகற்றினார். எனினும், மூளை அறைகளுக்குள் குருதி கசிந்ததால் சில மணி நேரத்தில் வூட் உயிரிழந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத, மெதுவாக வளரும் கட்டியாகும். எஞ்சிய சிறு பகுதியிலிருந்தும் அது பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வளரக்கூடும் என்பதை வூட்டின் வாழ்வு காட்டுகிறது. அதனாலேயே இன்று அறுவைக்குப் பின்னும் நோயாளிகள் நீண்ட காலம் காந்த அதிர்வுப் படங்கள் மூலம் கண்காணிக்கப்படுகின்றனர்.