எதிர்ப்புப் புரதத்தை அடக்கிய மருந்தே அதைப் பிரித்தெடுக்கவும் உதவியது: விஞ்ஞானி சுப்பாராவின் அரும்பணி

புது தில்லி: முடக்குவாத நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும், அதன் பக்க விளைவைக் குறைக்க உடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் ஒரே ஆய்வுக்கூடத்தின் பணியில் விளைந்தவை. அப்பணிக்குத் தலைமை வகித்தவர் இந்திய விஞ்ஞானி யெல்லப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்த இவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று கதர் அங்கியுடன் அறுவை சிகிச்சை வகுப்புக்குச் சென்றது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிடைத்தது.

பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் இணைந்து, உயிரணுக்களின் ஆற்றல் மூலமான ஏ.டி.பி. குறித்த ஆய்வை 1929-இல் வெளியிட்டார். ஆயினும் அங்கு நிரந்தரப் பணி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கு 1945-இல் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. உயிரணுக்கள் பெருக இச்சத்து இன்றியமையாதது. இதைப் போன்ற தோற்றம் கொண்டு, இதன் பணியை முடக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய சேர்மங்களும் அங்கேயே உருவாகின. அமினோப்டெரினைக் கொண்டு குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை மருத்துவர் சிட்னி ஃபார்பர் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அந்த முடிவுகள் 1948 ஜூனில் வெளியாகின. இரு மாதங்களில், 53-ஆவது வயதில் சுப்பாராவ் காலமானார்.

இச்சேர்மங்கள் வேகமாகப் பெருகும் நோய் எதிர்ப்பு அணுக்களையும் தடுப்பதால், ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதம் உருவாவதும் குறைகிறது. வியப்பு என்னவெனில், ஆய்வகத்தில் அப்புரதத்தைப் பெறவும் அமினோப்டெரினே கைகொடுத்தது.

எலியின் மண்ணீரல் அணுக்கள் எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்தாலும், வளர்ப்பு ஊடகத்தில் சில நாள்களில் மடிந்துவிடும். புற்றணுக்களோ ஓயாமல் பெருகும். 1975-இல் கோலர், மில்ஸ்டைன் ஆகியோர் இரண்டையும் இணைத்தனர். இணையாத புற்றணுக்களை நீக்க ஊடகத்தில் அமினோப்டெரின் சேர்க்கப்படுகிறது. அது டி.என்.ஏ. உருவாகும் முதன்மை வழியை அடைக்கிறது. மாற்று வழிக்கான நொதி இல்லாத புற்றணுக்கள் மடிய, மண்ணீரல் அணுவிடமிருந்து அந்நொதியைப் பெற்ற கலப்பணுக்கள் மட்டும் தழைத்து எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றன. இம்முறைக்கு 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. தில்லியிலுள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்திலும் இத்தகைய புரதங்கள் உருவாக்கப்பட்டுள்ளன.

நோபல் பரிசு எதுவும் பெறாத சுப்பாராவுக்கு, நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது.